பின்சீட்டுக்காரர்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும், ஐயா. இஞ்சினையும் முன்கதவையும் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் இந்த மாதிரிப் பெரிய கார்கள் பின்னால் உட்காருகிறவருக்காகச் செய்யப்பட்டவை. கதவை லேசாகத் தள்ளினால் போதும், மீதியை அதுவே இழுத்து மூடிக்கொள்ளும். கண்ணாடி இரட்டைக் கண்ணாடி. வெளியே தம்புள்ளைச் சந்தையே கத்தினாலும் உள்ளே கேட்காது. உள்ளே பேசுவதும் வெளியே வராது.

என் பெயர் நோபர்ட். மாத்தளையில் இரண்டு லொறி வைத்து, தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றுகிறேன். அதற்கு முன்னால் லெட்சுமணன் முதலாளியின் டிரைவராக இருந்தேன். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று எங்கள் பக்கத்தில் விளைந்ததெல்லாம் ஒரு காலத்தில் அவர் கடை வழியாகத்தான் கொழும்புக்குப் போனது. தோட்டத்து லய வீடுகளில் சும்மா திரிந்த என்னை வேலைக்கு எடுத்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவர் அவர். என் மனைவி மரிய கொறற்றிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தபோது செலவை அவரே ஏற்றுக்கொண்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனிதர்.

அந்தக் கறுப்பு ஜெர்மன் கார் அவர் புதிதாக எடுத்தது. முதல் நாளிலிருந்து ஓட்டியவன் நான்தான். அவருக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. கார் நிற்கும்போது கண்ணாடியை இறக்கக் கூடாது, தூசி வரும். இஞ்சினை ஓடவிட்டு ஏசி போடக் கூடாது, பெற்றோல் வீண். காரை விட்டு இறங்கிப் போகவும் கூடாது, யாராவது கீறிவிடுவார்கள். ஆகவே அவர் எங்கே போய்ப் பேசினாலும், பேசி முடிக்கும்வரை நான் வெயிலில் உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை கலேவெலயில் மயங்கி ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டேன். ஹோர்ன் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததாம். முதலாளி ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். நான் எழுந்ததும் சீட்டைத் துடைக்கச் சொன்னார். அதுவும் நியாயம்தான். வியர்வை தோல் சீட்டுக்கு ஆகாது.

பிறகு நான் விலகி லொறி எடுத்தேன். அவருக்கு வியாபாரம் படுத்தது. மனைவி காலமானார், மகன் ஷியாம் கனடாவில் இருந்தார். கார் தகரக் கூரைக்கடியில் நாய் படுக்கும் இடமாகக் கிடந்தது. விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கேட்ட விலைக்குச் சரி என்று காசைக் கொடுத்தேன்.

"எழுத்த உன் பேருக்கு மாத்துறத பொறவு பாத்துக்கலாம் நோபர்ட். நீ நம்ம ஆளுதானே," என்றார்.

பழைய பெரிய காரை வைத்திருப்பது வயதான நோயாளியை வைத்திருப்பது மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கம் தரையோடு படுத்திருக்கும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போகும். கராஜ்காரர் மக்கீன் ஒவ்வொரு முறையும் பொனட்டைத் திறந்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். "வித்துருங்க நோபர்ட், இது உங்கள சாப்பிட்டுரும்," என்பார். நான் கேட்கவில்லை. மழை விட்டபிறகு கதவுகளைத் துடைத்து, உள்ளே பின்சீட்டில் ஏறி, கால் நீட்டிச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கொறற்றி சன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரே ஒரு சிரமம். முதலாளி ஃபோன் எடுப்பார்.

"நோபர்ட், நாளைக்குக் காலையில வண்டியக் கொண்டா."

அந்தக் குரலைக் கேட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன், ஐயா. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவேன். "சரி முதலாளி" என்பேன். வங்கிக்கு, வைத்தியரிடம், சில நாள் எங்கேயும் இல்லாமல் சும்மா ஒரு சுற்று. அவர் பின்னால், நான் முன்னால்.

கொறற்றியின் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அன்று அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். புதுச் சேலை, தலையில் பூ. மாரியம்மன் கோவில் தாண்டி முதலாளி ரோட்டோரம் நின்று கையைக் காட்டினார். நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து, "நல்ல நேரத்துல வந்த. உக்குவளைக்குப் போகணும்," என்றார். கொறற்றியைப் பார்த்து, "நீ பஸ்ல போயிரும்மா, கல்யாணத்துக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அவள் இறங்கினாள். இரவு அவள் கேட்டது ஒன்றுதான்.

"இது யாரு காரு?"

"நம்ம காருதான்," என்றேன்.

எனக்கு அன்றைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன். தம்புள்ளையில் ஒரு பழைய வியாபாரியைச் சந்திக்க வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டார். மழையைக் கண்டு பல மாதம் ஆன காலம். நாலந்தை தாண்டும்போது அவர் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"வண்டிய நல்லா வச்சிருக்கடா. என்கிட்ட இருந்தப்பகூட இப்பிடி இல்ல."

"சரி முதலாளி."

"ஷியாம் அடுத்த மாசம் வாறான். இங்கயே ஹோட்டல் போடப்போறானாம். வண்டி நம்ம பேருலதானே இருக்கு, திருப்பி எடுத்துக்குவோம்னு சொல்றான். நீ குடுத்தத அப்பிடியே குடுத்துருவோம். நீயே ஓட்டு. லொறியெல்லாம் உனக்கு எதுக்கு, தலவலி."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. உண்மையில் சந்தோஷமாக இருந்தார்.

"சரி முதலாளி," என்றேன்.

சந்தைக்குப் பின்புறம், இரண்டு லொறிகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. நிழல் இல்லை. அவருக்கு முழங்கால் வலி, உடம்பும் கனம். பின்சீட்டிலிருந்து முன்னால் தாண்டி வர அவரால் முடியாது. அவருடைய ஃபோன் முன்னால் சார்ஜில் கிடந்தது.

"ஆள் வந்துட்டானான்னு பாத்துட்டு வா. ஏசி ஓடட்டும்," என்றார்.

நான் இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "டேய்," என்றார். அப்போது கதவு மூடிக்கொண்டது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னபோது, சாவி பழசு, அதுவாகப் பூட்டிக்கொண்டிருக்கும் என்றேன். மக்கீன் வந்து சோதித்துப் பார்த்து, சாவியில் குறை எதுவும் இல்லை என்று சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அவர் சொல்வது சரி. பட்டனை ஒருமுறை அழுத்தினால் வெளியிலிருந்து திறக்க முடியாது. இரண்டாம் முறை அழுத்தினால் உள்ளிருந்தும் திறக்க முடியாது. நான் இரண்டு முறை அழுத்தினேன்.

எதிரே பாப்பம்மா என்ற அம்மாவின் தேநீர்க் கடை. பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ சொன்னேன். அங்கிருந்து கார் நன்றாகத் தெரியும். முதலில் கார் லேசாக ஆடியது. பின்கண்ணாடியின் திரை விலகியது. லொறிகள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தன, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் இரண்டாவது தேநீர் கேட்டபோது அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அந்த வண்டிக்குள்ள ஆளு இருக்காப்ல இருக்கே தம்பி?"

"எங்க முதலாளி, அக்கா. தூங்குறாரு."

"இந்த வெயில்லயா? கண்ணாடியக் கொஞ்சம் எறக்கி விட்டா என்ன?"

"தூசி வரும். அவருக்குப் புடிக்காது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வேறு வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். அவர் உங்களிடம் வந்து சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளியின் உள்ளங்கை கண்ணாடியில் இருந்தது. நான் பார்த்தேன். கை கீழே இறங்கியபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஓடினேன். நான்கு கதவுகளையும் திறந்தேன். கத்தினேன். மூட்டைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். நான் அழுதது நடிப்பு என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்களாம். இல்லை ஐயா. அவரை ஆஸ்பத்திரிக்கு அதே சீட்டில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் ஏசி போட்டிருந்தேன்.

ஷியாம் தகப்பனின் சாவுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "அப்பா உங்களத்தான் நம்பியிருந்தாரு அண்ணே. வண்டி உங்களுக்கே இருக்கட்டும்," என்றார். ஊர்வலத்தில் பெட்டிக்குப் பின்னால் அந்தக் காரை நான்தான் ஓட்டிப்போனேன். கொறற்றியைப் பின்னால் ஏறச் சொன்னேன். அவள் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துடைத்திருந்தேன், ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவள் ஏறவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சனத்தோடு நடந்து வந்தாள்.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தெரிந்துதான் செய்தேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையெழுத்துப் போடுகிறேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவர்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.