மஞ்சள் கோட்டுக்கு வெளியே

உங்கள் பொலிஸ் நிலைய வாசலில் தொங்கும் தீயணைப்புக் குப்பியின் காலம் போன மார்ச்சோடு முடிந்துவிட்டது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஓர் அறைக்குள் நுழைந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும். இருபத்தேழு வருடப் பழக்கம்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ரபாயேல். வயது ஐம்பத்து நான்கு. வீடு மாத்தளைப் பக்கம், பலாபத்வலயில். ரத்தோட்டைக்கு மேலே, தேயிலை முடிந்து வெறும் புல்லாகக் கிடக்கும் மலை முதுகில், பட்டம் விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறதே, அங்கே நான் பாதுகாப்பு அலுவலர். பட்டம் என்றதும் நீங்களும் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. மந்திரிமார்கூட முதலில் சிரித்துவிட்டுத்தான் படம் பிடித்துக்கொண்டார்கள்.

விஷயம் எளிது. ஒரு லொறியின் கூரை அளவுள்ள பட்டம். நானூறு மீற்றர் உயரத்தில், தரையில் இல்லாத காற்று இருக்கிறது. பட்டம் அங்கே எட்டுப் போட்டுக்கொண்டே கயிற்றை இழுக்கும். கயிறு கீழேயுள்ள உருளையைச் சுற்றும், உருளை மின்பிறப்பாக்கியைச் சுற்றும். கயிறு தீர்ந்ததும் பட்டத்தைச் சரித்துக் காற்றை விடுவித்து, கொஞ்சம் மின்சாரம் செலவழித்து இழுத்துக்கொள்வோம். மறுபடி விடுவோம். கீழேயுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகள் பாதி நாள் அதில்தான் ஓடின.

கயிற்றுக்கும் பட்டத்துக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு சிவப்பு உலோகத் துண்டு உண்டு. இழுவை இரண்டு தொன்னைத் தாண்டினால் அது உடைய வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் மாதிரி. உடைந்தால் பட்டம் ஒரு மெல்லிய கயிற்றில் தொங்கி, காற்றிழந்து புல்லில் வந்து படுத்துவிடும். இரண்டு வருடத்தில் ஆறு தடவை உடைந்தது. ஆறு தடவையும் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலை போனதற்காக என்னை ஏசினார்கள். அவர்களுடைய அறிவு அவ்வளவுதான்.

உருளையை இயக்குபவன் ரொஹான். மாத்தளைப் பையன், முப்பது வயது. தலைக்கவசத்தைக் கவிழ்த்து அதில் மாங்காய்த் துண்டு வைத்துத் தின்பான். உருளையைச் சுற்றிப் பத்து மீற்றரில் நான் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தேன். பட்டம் மேலே இருக்கும்போது ஒருவரும் அதற்குள் போகக் கூடாது, உருளையைத் தூரத்திலிருந்தே இயக்கலாம். ரொஹான் அதற்குள்ளேதான் கதிரை போட்டு உட்காருவான். கயிற்றை உருளையிலிருந்து மேலே திருப்பிவிடும் கப்பிக்குப் பக்கத்தில் நின்றால்தான் அதன் சத்தம் கேட்குமாம். பதினெட்டு அறிவித்தல் எழுதினேன். ஒன்றை மடித்துக் குட்டிப் பட்டம் செய்து என் மேசையில் வைத்திருந்தான்.

நிலையத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஜஸ்லா. கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிநாட்டில் படித்தவள். எனக்கு மரியாதை தருவாள், அதாவது நான் பேசி முடிக்கும்வரை கைபேசியைப் பார்க்க மாட்டாள்.

மூன்றாவது ஆள் டிலுக்ஷி. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் லயத்துப் பெண், இருபத்து நான்கு வயது. கயிற்றைத் தடவிப் பார்த்து எங்கே நார் பிய்ந்திருக்கிறது என்று குறிப்பது அவள் வேலை. கையுறை இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. கோட்டுக்கு வெளியே, காலணியின் நுனிகூடப் படாமல் நிற்பாள். நான் எழுதிய அறிவித்தல்களை ஒரு கோவையில் போட்டு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் மாதக் கூட்டத்தில் ஜஸ்லா சொன்னாள்: "ரெண்டு வருஷமா ஒரு காயம் இல்ல சேர். சந்தோஷமான விஷயம்தானே. இனி நீங்க ஒவ்வொரு நாளும் மலை ஏறத் தேவல்ல. மாசத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்தாப் போதும்."

ரொஹான் குறுக்கே விழுந்தான். "அப்ப அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஹெல்மட் போடுறோம் சேர்."

ஜஸ்லா சிரித்தாள். டிலுக்ஷி சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தால் நான் புண்பட்டேன் என்று நினைக்காதீர்கள். வேலை போவது எனக்குப் பெரிதில்லை. காயம் இல்லாததற்குக் காரணம் நான்தான் என்பது அவர்கள் ஒருவருடைய மண்டையிலும் ஏறவில்லை, அதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கூரை ஒழுகாத வீட்டில் கூரை எதற்கு என்று கேட்கிறவர்களிடம் என்ன பேசுவது? ஒரு தடவை நனையவிட வேண்டும்.

நான் அவசரப்படவில்லை. எந்த வேலைக்கு முன்னாலும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்புவேன், இதற்கும் மனதுக்குள் நிரப்பினேன். சோதனைக்காக வந்த கறுப்புத் துண்டுகள் களஞ்சியத்தில் இருந்தன, அவை நான்கு தொன்வரை உடையாது. சிவப்புக்குப் பதில் கறுப்பைப் போட்டால், பலத்த காற்றில் கப்பி ஆட்டம் காணும். ரொஹான் கோட்டுக்குள் இருப்பான். ஒரு விரல் போகலாம். அதிகம் போனால் ஒரு கை. படிவத்தில் அதற்கு மூன்றாம் நிலை என்று பெயர். ஒருவனுடைய கைக்கு ஈடாக நிலையம் முழுவதும் ஒழுங்குக்கு வரும். உங்களுக்கு அது கொடூரமாகத் தோன்றினால், இந்தத் துறையில் நீங்கள் வேலை செய்ததில்லை என்று அர்த்தம்.

ஜூலை பதினேழு. தென்மேல் காற்று பலமாக இருக்கும் என்று முதல் நாளே தெரியும். காலை ஏழு மணிக்கு நானே துண்டைப் பொருத்தினேன். ரொஹான் எட்டரைக்கு முன் வந்த சரித்திரம் இல்லை. டிலுக்ஷி மட்டும் வழக்கம்போல முன்னாலேயே வந்து, கயிற்றைத் தடவிக்கொண்டே என் பக்கம் வந்துவிட்டாள்.

"சேர், இது கறுப்பா இருக்குங்களே. செவப்புதானே போடுவோம்?"

"புதுசா வந்தது. முந்தியதைவிடப் பலமானது" என்றேன்.

பொய் இல்லை.

"அப்ப நல்லதுங்க" என்றாள். துண்டை இன்னொரு தடவை பார்த்தாள்.  "நான் எங்கங்க நிக்கட்டும்?"

கோட்டுக்கு வெளியே, கிழக்குப் பக்கம், சிவப்புக் கொடிக் கம்பத்தடியில் நிற்கச் சொன்னேன். எப்போதும் அங்கேதான் நிற்பாள். போய் நின்றாள்.

ரொஹான் வந்தான். துண்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவன் வேலையும்தான். துண்டைப் பார்க்காமலே போட்டான். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் அன்று பட்டம் ஏறியிருக்காது. நான் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தது இதைத்தான்.

பத்தேகாலுக்கு அந்தக் காற்று வந்தது. கயிறு விசில் அடித்தது. சிவப்புத் துண்டாக இருந்திருந்தால் அந்தக் கணமே உடைந்திருக்கும். கறுப்பு உடையவில்லை. கப்பியைக் கொங்கிறீற்றில் பிடித்திருந்த நான்கு ஆணியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டன. அந்தச் சத்தத்தில் ரொஹான் கதிரையோடு குப்புற விழுந்தான். கப்பி இல்லாமல் போனதும் கயிறு ஒரே வீச்சாகக் கிழக்கே அடித்தது, இடுப்பு உயரத்தில். உருளைக்கு அடியில் கிடந்தவனுக்கு மேலே அது காற்றைப்போலப் போய்விட்டது. கொடிக் கம்பத்தை வெட்டியது. டிலுக்ஷி அதற்கு முன்னால் நின்றாள்.

அவள் கத்தவில்லை. நேரம் இருக்கவில்லை.

ரொஹான் அவளைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். வழியெல்லாம் அவள் பேரைச் சொல்லிக்கொண்டே ஓடினான். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன்பே முடிந்துவிட்டது. நான் மேலேயே நின்று பட்டத்தை இறக்கினேன். யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டுமே.

லயத்து வீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம் புள்ள எப்பவும் ஒங்களப் பத்திதாங்க பேசும். சேர் சொல்ற எடத்துல நின்னா ஒண்ணும் ஆகாது அம்மான்னு சொல்லும்" என்றார்.  துக்கத்தில் இருப்பவரிடம் கணக்கு விளக்க முடியாது. என் கோட்டில் பிழை இல்லை. அது சிவப்புத் துண்டுக்காகக் கணக்கிட்ட கோடு.

பலன் கிடைத்தது என்பதையும் நீங்கள் பதிய வேண்டும். இன்று அந்த மலையில் தலைக்கவசம் இல்லாமல் ஒரு தலையையும் பார்க்க முடியாது. ரொஹான் தினமும் ஏழு மணிக்கே வருகிறான். என் அறிவித்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து உதடு அசையப் படிக்கிறான். கையெழுத்துப் போடுமுன் துண்டை இரண்டு தடவை பார்க்கிறான். மாதத்துக்கு ஒரு நாள் என்ற பேச்சே இல்லை, எனக்கு உதவியாளர் ஒருவரும் வரப்போகிறார். ஒரு மனுஷி போய்த்தான் இவ்வளவும் இவர்களுக்குப் புரிய வேண்டியிருந்தது என்றால், வெட்கப்பட வேண்டியது நானல்ல.

அப்படியிருக்க ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் விசாரணை அறிக்கையின் பிரதி போன வாரம் கையில் கிடைத்தது. பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: களஞ்சியத்தில் இரண்டு நிறத் துண்டுகளும் கலந்து கிடந்ததால் கறுப்புத் துண்டு தவறுதலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், பாதுகாப்பு அலுவலர் அதைக் கவனிக்கத் தவறிவிட்டார். ஜஸ்லா தொலைபேசியில் எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். "யாருக்கும் தவறுறதுதான் சேர். மனசப் போட்டு வருத்திக்காதீங்க."

மூன்று நாள் தூங்கவில்லை. இன்று முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

இன்னொன்று. அந்தத் துண்டை ஒருவரும் கவனிக்கவில்லை என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதுவும் பிழை. அந்தப் பெண் கவனித்தாள், கேட்டாள், நான் பதில் சொன்னேன். அதைத் திருத்துவதும் திருத்தாததும் உங்கள் விருப்பம்.

ஆனால் மற்ற வரியை வெட்டிவிடுங்கள். கறுப்புத் துண்டை என் கையால் எடுத்தேன், என் கையால் பொருத்தினேன், இறுகிவிட்டதா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், ஆட்சேபணை இல்லை. கவனக்குறைவானவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.