முதல் பெட்டியின் ஆபத்துக் கைப்பிடி குறித்து

என் பெயரையும் விலாசத்தையும் முதல் தாளில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. மேற்படி விலாசத்தில் மூன்றாவது மாடியில், அச்சகத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் என் கணவருடனும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுடனும் எட்டு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்பக்க அறையில் லென்ஸை அளவுக்கு அறுத்து பிரேமில் பொருத்தும் வேலை செய்து வருகிறேன். என்னை யாரும் பிடித்தோ அழைத்தோ வரவில்லை. இன்று வியாழக்கிழமை பகல் இரண்டரை மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

ஓட்டுநர் இல்லாத புதிய மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. தொடங்கிய இரண்டாவது நாளிலிருந்து காலை எட்டு பத்து வண்டியில், முதல் பெட்டியில் போய் வந்தேன். முதல் பெட்டியில் ஓட்டுநர் அறை கிடையாது, முன்னால் பெரிய கண்ணாடி மட்டும் உண்டு. தினமும் வரும் ஏழெட்டுப் பேர் அங்கேதான் நிற்போம். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். அதில் செய்தித்தாளை நான்காக மடித்துப் படிக்கும் ஒருவர் தினமும் கண்ணாடியை எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் டிரைவர் லீவு போட்டுட்டாரு" என்பார். தினமும் சிரிப்போம். இன்னொருவர் ஏ.சி. மெக்கானிக். தோளில் கருவிப் பையோடு எப்போதும் இடப்பக்கக் கதவை ஒட்டியே நிற்பதால் அவருக்குக் கதவுக்காரர் என்று பட்டப்பெயர். ஆபத்துக் கைப்பிடியும் அவசரத்துக்குப் பேசும் ஒலிபெருக்கியும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை என் குடை கதவில் மாட்டியபோது எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மேற்படி வண்டி சில நாட்களில் நான் இறங்கும் நிலையத்தில் இரண்டடி தள்ளி நின்றுவிடும். அப்படி நின்றால் கதவு திறக்காது. பதிவு செய்த பெண் குரல், அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்ளுமாறு சொல்லும். வண்டி போய்விடும். இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும். சென்ற மாதம் இப்படி மூன்று நாள் தாமதமானேன். நான் சொன்னதைக் கடை மேலாளர் நம்பவில்லை. "மெஷின் தப்பு பண்ணுமா? நீங்க லேட்டா கிளம்பிட்டு அது மேல பழியைப் போடாதீங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இன்னொரு முறை தாமதமானால் வர வேண்டாம் என்று கடிதமும் கொடுத்தார். முன்பு பேருந்தில் போனபோது நிறுத்தத்தைத் தாண்டிப் போனால் ஓட்டுநரைத் திட்டுவேன், அவரும் திட்டுவார், பிறகு நிறுத்துவார். இதில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. புகார் எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். அதிலும் அதே பெண் குரல்தான் வந்தது.

சென்ற திங்கட்கிழமை வழக்கம்போல் ஏறினேன். கூட்டம் அதிகம். என் நிலையத்தில் வண்டி தள்ளி நின்றது. கண்ணாடிக்கு வெளியே நடைமேடையில் நின்றவர்களின் முகம் கையெட்டும் தூரத்தில் தெரிந்தது. கதவு திறக்கவில்லை. பெண் குரல் சொல்வதைச் சொன்னது. செய்தித்தாள்காரர், "லீவு போட்டவரைக் கூப்பிடுங்கப்பா" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். வண்டி நகர்ந்து வேகம் எடுத்த பிறகு, மெக்கானிக்கின் கைக்குக் கீழே என் வலது கையை நுழைத்துக் கோபத்தில் கைப்பிடியை இழுத்தேன். அப்போது வண்டியில் எந்த ஆபத்தும் இல்லை. நிலையங்களுக்கு இடையில் இழுத்தால் உடனே நின்றுவிடும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஐந்து மாதமாக அதைப் படித்துக்கொண்டுதான் போய் வந்தேன்.

வண்டி குலுங்கி நின்றது. எனக்கு அடுத்து நின்ற கல்லூரி ஆசிரியை ஒருவர் கம்பியில் மோதிக் கீழே விழுந்தார். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் வழிந்தது. அவர் கையிலிருந்த விடைத்தாள்கள் எல்லோர் காலடியிலும் கிடந்தன. அதன் பிறகு ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் வந்தது. பதிவு செய்த குரல் அல்ல. பின்னால் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. "சொல்லுங்க, என்ன பிரச்சினை? நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். ஐந்து மாதத்தில் அந்த வண்டியில் ஒரு மனிதர் என்ன பிரச்சினை என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் இரண்டாவது முறை கேட்டதும் மெக்கானிக் திரும்பி, "சார், யார் இழுத்தாங்கன்னு தெரியல. இங்க ஒரு அம்மாவுக்கு அடிபட்டிருக்கு, சீக்கிரம் ஆள் அனுப்புங்க" என்றார். பிறகு பையைத் திறந்து, சுத்தமான துணி ஒன்றை எடுத்து ஆசிரியையின் நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

வண்டி பாலத்தின் மேல் நின்றதால் ஆட்கள் நடந்து வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. வந்த பாதுகாப்பு ஊழியர்கள், கேமராவில் கைகள் மட்டுமே தெரிவதாகச் சொல்லி, ஒலிபெருக்கியில் பேசியது யார் என்று கேட்டார்கள். செய்தித்தாள்காரர் மெக்கானிக்கைக் காட்டி, "இவர்தான் பேசினாரு, கைப்பிடிகிட்ட நிக்கறதும் இவர்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பையில் ஸ்குரூ டிரைவர், வெட்டுக்கருவி எல்லாம் இருந்ததைப் பார்த்ததும் ஊழியர்களின் பேச்சு மாறியது. மெக்கானிக், "நான் எதுக்குங்க இழுக்கறேன்? ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில ஏ.சி. ரிப்பேர் இருக்கு, எனக்கே லேட்டு" என்றார். ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? இவர்தானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன். மெக்கானிக் அதைப் பார்த்தார்.

அதன் பிறகு பத்து இருபதுக்குக் கடைக்குப் போனேன். மேலாளர் செய்தியை ஏற்கெனவே கேட்டிருந்தார். "பாவம், நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா? முதல்ல உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார். எனக்கு வேலை போகவில்லை.

செவ்வாயும் புதனும் மெட்ரோவில் ஏறாமல் இரண்டு பேருந்து மாறிப் போனேன். பேருந்திலும் உட்கார முடியாமல், இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். செவ்வாய்க்கிழமை ஒருவருடைய லென்ஸில் நூற்றெண்பது டிகிரியில் வைக்க வேண்டிய அச்சைத் தொண்ணூறில் வைத்து அறுத்துவிட்டேன். பதினான்கு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை. புதன்கிழமையும் அதே தவறைச் செய்தேன். வீட்டில் கேஸ் அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன். என் மகள், "உனக்கு என்னம்மா ஆச்சு, உக்காரவே மாட்டேங்கற?" என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

இன்று காலை எப்படியோ கால் மெட்ரோ நிலையத்துக்கே போய்விட்டது. நுழைவாயிலில் ஒரு பெண் கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை. என்னிடம் வந்து, "அக்கா, எட்டு பத்து வண்டியில போவீங்களா? இவர் என் வீட்டுக்காரர். திங்கக்கிழமை பிடிச்சிட்டுப் போனாங்க, இன்னும் விடல. இவர் இழுக்கலைன்னு யாராவது ஒருத்தர் சொன்னாப் போதுமாம். இவரைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். படத்தில் மெக்கானிக் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார். பார்த்ததில்லை என்று சொன்னேன். அவர், "பரவாயில்லக்கா. நின்னு கேட்டீங்களே, அதுவே பெரிசு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அதன் பிறகு மேலே போய் நடைமேடையில் நின்றேன். ஏழு வண்டிகள் வந்து போயின. ஏழும் சரியான இடத்தில்தான் நின்றன. பிறகு வீட்டுக்குத் திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த என் கணவரை எழுப்பி நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்த ஆள் எப்படியும் வெளிய வந்துடுவாரு. நீ போனா உள்ள போயிடுவ. பிள்ளைக்குப் பரீட்சை வருது, யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்தாயிற்று என்றேன். கோபத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் செருப்பை மாட்டும்போது எழுந்து வந்து, "சாப்பிட்டுட்டுப் போ. எத்தனை மணி நேரம் உக்கார வைப்பாங்களோ" என்று தட்டை எடுத்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கைப்பிடியை இழுத்தது நான். மெக்கானிக்குக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆசிரியைக்கு ஐந்து தையல் போட்டதாக இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதிய ஏட்டு முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். இழுத்ததைப் பற்றிய இடத்தில் "பதற்றத்தில்" என்று எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "உங்க நல்லதுக்குத்தாம்மா எழுதினேன். கோர்ட்டுல பதற்றம்னா ஒரு மாதிரி, கோபம்னா வேற மாதிரி" என்றார். எனக்குப் புரிந்தது. இருந்தாலும் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மேலே "கோபத்தில்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அந்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. இந்த ஓர் அடித்தலைத் தவிர இதில் வேறு அடித்தல் இல்லை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான்.

(ஒப்பம்)