அரம் போட்ட டம்ளர்

"ஆறு மாசமா குடிச்சோம். யாரும் சாகல."

சிங்கவரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் சொன்னார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். பக்கத்திலிருந்தவன் திரும்பினான்.

"இன்னா மாமா சொல்ற?"

"டீக்கடையில ஊர்க்காரங்க டம்ளருக்குப் பச்சைப் பொட்டு, நம்ம சேரிக்குச் செவப்புப் பொட்டு. புது மாஸ்டர் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுமாம். எல்லார் டம்ளர்லயும் எல்லாரும் குடிச்சிருக்கோம்."

"ஐயையோ!"

"மொதலாளி கண்டுபுடிச்சிட்டாரு. மாஸ்டர் தடவிப் பாத்தே தெரிஞ்சிக்கட்டும்னு நம்ம டம்ளர் விளிம்புல மட்டும் அரத்தால வெட்டு போட்டாரு. அது இன்னிக்கு உதட்டைக் கிழிச்சிடுச்சி."

"ரத்தமா?"

"சட்டையெல்லாம் ரத்தம். மாஸ்டர் எட்டிப் பாத்துட்டு, 'டீயை மேல ஊத்திக்கினியே, பாத்துக் குடிக்கக் கூடாதா'ன்னான்."