அண்ணி பெயருக்கு வந்த கடிதம்

எங்கள் வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்குத்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்றாலும், ஊரில் மனு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் மான்சிக் விவாகரத்துக்குப் போனபோது, மனைவி இருக்குமிடம் தெரியவில்லை என்ற உறுதிமொழியையும் நானே எழுதினேன்.

நீதிமன்றத்திலிருந்து வந்து கேட்கிறீர்கள், சொல்கிறேன். அண்ணி லியென் ஓடிப்போகவில்லை. வியட்நாமில் அவளுடைய அப்பா இறந்த செய்தி வந்தபோது அண்ணன் கடற்பாசி வலைகளோடு படகில் இருந்தார். கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்து, பேருந்து வரை பையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் வந்துடுறேன். தான்பியைப் பாத்துக்க. உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு" என்றாள். அவள் மகள் தான்பிக்கு அப்போது மூன்று வயது.

அண்ணன் கரையேறிக் கேட்டார். தெரியாது என்றேன். மீதியை ஊர் சொன்னது. எங்கள் தீவான வாண்டோவில் வெளிநாட்டு மருமகளைக் காணவில்லை என்றால் யாரும் தேடுவதில்லை. ஓடிவிட்டாள் என்று முடித்துவிடுவார்கள். சாட்சியாக முத்திரை குத்த வந்த ஊர்த்தலைவர், நாலு வருஷம் இருந்ததே பெரிசு, உன் சமையலுக்கு நானாயிருந்தால் நாலாம் நாளே படகேறியிருப்பேன் என்று என்னைக் கிண்டல் செய்தார். தாளைப் படிக்கவில்லை.

அண்ணன் மட்டும் தேடினார். அவள் ஊர்த் தொலைபேசி எண்ணை என்னிடம் கேட்டார். கடைசி இலக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். ஓராண்டு கழித்து, "அவ பேரு குடும்பப் பதிவுல இருக்கிறவரைக்கும் நான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். எழுதிடு" என்றார்.

நீதிமன்றக் கடிதம் அண்ணியின் பதிவு முகவரிக்குத்தான் வரும். அது எங்கள் வீடு. தபால்காரர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும், அந்தப் பெயரில் இங்கே யாரும் வசிக்கவில்லை என்றேன். அதில் பொய் இல்லை. பிறகு நீதிமன்றப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். கடல் கடந்து அதை யார் படிப்பது?

அவள் வாரந்தோறும் அழைத்தாள், அண்ணன் கடலில் இருக்கும் நேரத்தில். அப்படி அழைக்கச் சொன்னது நான்தான்.

"அண்ணன் இன்னும் கோவமா இருக்காரு, அண்ணி. இப்ப வந்தீங்கன்னா குழந்தையைக் கண்ணுலயே காட்டமாட்டாராம். நான் சொல்றப்ப வாங்க."

ஒவ்வொரு முறையும் முகவரி சொன்னாள். கேட்டுக்கொண்டேன், எழுதிக்கொள்ளவில்லை. எழுதாதது தெரியாததுதானே.

ஏன் என்கிறீர்கள். தான்பி என் முதுகில் வளர்ந்தவள். பகலெல்லாம் அவளைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன். சாயங்காலம் பாசி ஆலையிலிருந்து அண்ணி வந்து முடிச்சை அவிழ்த்து வாங்கிக்கொள்வாள். முதுகு சில்லென்று ஆகிவிடும். மூன்று வருடம், தினமும்.

தீர்ப்பு வந்தது. குழந்தை அண்ணனுக்கு என்றார்கள். அந்த வாரம் நான் கொல்லையில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தபோது தான்பியே தொலைபேசியை எடுத்துவிட்டாள். நான் ஓடி வருவதற்குள் இரண்டு முறை அம்மா என்று கூப்பிட்டிருந்தாள். வாங்கி வைத்தேன். அவளை அதட்டவில்லை. மடியில் உட்காரவைத்து, சோறு ஊட்டிக்கொண்டே பக்குவமாகச் சொன்னேன்: அம்மா செத்துப்போய்விட்டாள், செத்தவர்கள் சிலசமயம் இப்படி அழைப்பார்கள், பதில் பேசினால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் குரலைக் கேட்டபின் அண்ணி என் சொல்லுக்குக் காத்திராமல் கிளம்பி வந்து உங்களிடம் முறையிட்டிருக்கிறாள். நேற்று நீங்கள் அவளை அழைத்து வந்தபோது நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அவள் வாசலில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். தான்பி வீறிட்டுக்கொண்டு வந்து என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தாள். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. யார் வேண்டும் என்று குழந்தை தானாகவே காட்டிவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.