சட்டைக் கறையும் பழைய பெட்ரோலும்

“எஞ்சினைப் பத்திப் பொம்பளைக்கு என்ன தெரியும்? நீ பள்ளிக்கூட வேலையை மட்டும் பாரு,” என்றார் என் மாமா, மோட்டார் கார் ஓட்டப் பழகட்டுமா என்று நான் கேட்ட அன்று. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், இப்போது ஆசிரியை.

போன மாதம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சொன்னாள்:

“சட்டைக் கறைதான் எங்க காரைப் பிழைக்க வெச்சுது.”

“என்னக்கா சொல்றீங்க?”

“ரப்பர் விலை விழுந்ததும் சவாரி இல்ல. வாடகைக் கார் ரெண்டு வருஷம் கொட்டகையிலயே கெடந்துச்சு. இப்ப விலை ஏறுதேன்னு கிளப்பினா அசையல. எஞ்சின் செத்துப்போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஊருக்குக் கப்பல் ஏறிடலாம்னு எங்க வீட்டுக்காரரு உக்காந்துட்டாரு.”

“அப்புறம்?”

“அவரு சட்டையில கறை எடுக்க அந்தக் காரு டாங்குலேருந்து கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் தேச்சேன். நல்ல பெட்ரோல்னா உடனே காஞ்சு பறந்துடும். இது பிசின் மாதிரி ஒட்டுச்சு. கெட்டது எஞ்சின் இல்ல, பெட்ரோல்னேன். சிரிச்சாரு. நானே காருக்கு அடியில படுத்து, டாங்குத் திருகாணியைக் கழட்டி, ரெண்டு டின்னு வடிச்சேன். அதுக்கப்புறம்தான் அவரு குழாயெல்லாம் கழுவிப் புதுசு ஊத்தினாரு. எஞ்சினைக் கிளப்புற முன்பக்கக் கைப்பிடியை நாலாவது சுத்து சுத்தினதும் உறுமுச்சு பாரு.”

“ஓடுற காரை வெச்சுக்கிட்டு ரயில்ல ஏன் வரீங்க?”

“கார் நெறைய சவாரி. எனக்கு இடமில்ல.”

அன்றே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மோட்டார் ஓட்டப் பழக்குகிறவரிடம் பெயர் கொடுத்தேன். வரும் சனிக்கிழமை எனக்கு மூன்றாவது பாடம்.