குளிச்சுப் போடுங்க

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பூரி சாப்பிடுவதில்லை. மைக் முன்னால் ஏப்பம் வந்துவிட்டால் தூத்துக்குடி முழுக்கக் கேட்கும். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். சந்தோஷமாக எழுதுகிறேன். நாசரேத்தில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள், எழுத்துப்பிழை இருக்காது.

ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் எஃப்.எம்.மில் வருகிற ‘மனசு விட்டுப் பேசுவோம்’ நிகழ்ச்சியை நடத்தும் ஜெப்ஸி நான்தான். நேயர்கள் தங்கள் மனக்கஷ்டத்தைச் சொல்வார்கள், மனநல டாக்டர் கிருபாநிதி வழி சொல்வார். டாக்டர் கோயம்புத்தூர்க்காரர். இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தங்கமான மனிதர்.

ஆரம்பத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. நம் பக்கத்தில் மனசு சரியில்லை என்று வெளியே சொன்னால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்களே. அதனால் நானே போர்வைக்குள் புகுந்துகொண்டு, விளாத்திகுளம் செல்லத்தாயாக மாறி, மாமியார் கொடுமையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். டாக்டர் மூன்று வாரம் செல்லத்தாய்க்கு ஆறுதல் சொன்னார். நாலாவது வாரம் செல்லத்தாய் மாமியாருக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. நான் சிரிப்பை அடக்க மாட்டாமல் மேஜைக்கு அடியில் பேனா தேடினேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

ஆனாலும் மேலாளர் வீரபாகு அண்ணாச்சி மசியவில்லை. மாதக் கடைசியோடு இதை நிறுத்திவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடப் போவதாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அந்த நிகழ்ச்சி போனால் நான் யார்? அப்போதுதான் இனிகோ கூப்பிட்டான்.

சங்கு குளிக்கிறவன். முப்பத்திரண்டு வயது. பிப்ரவரியில் கடலடியில் இருந்தபோது காற்று வருகிற குழாய் மடங்கி, சாவைத் தொட்டுவிட்டு மேலே வந்திருக்கிறான். அன்றிலிருந்து வள்ளத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. மூன்று மாதமாகக் கடலில் இறங்கவில்லை. அதை அவன் சொன்ன விதத்தில் எனக்கே புல்லரித்தது. நிகழ்ச்சி முடிந்த பிறகும் போன் நிற்கவில்லை. அடுத்த வாரமும் இனிகோ, அதற்கடுத்த வாரமும் இனிகோ. மீன் ஏலம் விடுகிற இடத்தில்கூட பத்து மணிக்கு ரேடியோவைத் திருப்பி வைத்தார்களாம். அண்ணாச்சி சினிமாப் பாட்டுப் பேச்சையே விட்டுவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாவது வாரம் அவன் தேறத் தொடங்கினான். ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன் என்றான். நல்ல சேதிதான், ஆனால் அன்று வந்தது மொத்தம் இரண்டே போன். ஆறாவது வாரம், எப்போதாவது அந்தப் பயம் திரும்பி வந்தால் என்ன செய்ய என்று டாக்டரிடம் கேட்டான்.

“உடனே குளிச்சுப் போடுங்க தம்பி. தனியா, நிதானமா. தண்ணி தலையில பட்டாப் போதுங்க, எல்லாம் அடங்கிப் போகும்.”

கோயம்புத்தூரில் குளிப்பது என்றால் வாளி, சோப்பு, துண்டு. சங்கு குளிக்கிறவன் குளிக்கப் போகிறேன் என்றால் கடலடிக்குப் போகிறான் என்று அர்த்தம். டாக்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

“தனியாவா டாக்டர்?” என்றான் இனிகோ.

“ஆமாங்க. பயத்தோடவே குளிங்க.”

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, மேடம். நான் நடுவில் புகுந்து சோப்பு, துண்டு என்று விளக்கியிருந்தால் எல்லாம் சப்பென்று போயிருக்கும். இனிகோ குளித்தானா இல்லையா என்பது அடுத்த ஞாயிறு தெரியும் என்று சொல்லிப் பாட்டைப் போட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அவன் என்னைக் கூப்பிட்டதும் உண்மைதான். அவன் மனைவி ரோஸ் உங்களிடம் கொடுத்த போனில் அது பதிவாகியிருக்கிறது. நான் மறுக்கவில்லை.

“யக்கா, பயம் திரும்ப வந்துட்டு. டாக்டர் வீட்டுலயா குளிக்கச் சொன்னாவ, கடல்லயா? இவ வீட்டுலதான்னு சொல்லுதா.”

ரோஸ் கெட்டிக்காரி. ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, வாளித் தண்ணீரில் குளித்தேன், சுகமாக இருக்கிறது என்பான். அதை யார் கேட்பார்கள்? பயத்தோடு தனியாகக் கடலில் இறங்கி, மேலே வந்து, அந்தக் குரலில் பேசினான் என்றால்? நினைக்கும்போதே எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவன் மேலே வருவான் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். அப்படியானாலும் போன் வரும் என்று தோன்றியது.

“வீட்டுல குளிக்கதுக்கு டாக்டர் எதுக்கு தம்பி?” என்றேன். “கடல்லதான் சொன்னாவ. தனியாப் போங்க.”

“நீங்க சொன்னா சரிதான்க்கா.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனான். சனிக்கிழமைதான் அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிறு முழுக்க அஞ்சலி. அத்தனை போன் எங்கள் எஃப்.எம். அதுவரை பார்த்ததில்லை. தன் வார்த்தையால்தான் செத்தான் என்று டாக்டர் மைக் முன்னாலேயே அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, உங்கள் தப்பில்லை, உங்கள் தப்பில்லை என்று பத்துத் தடவை சொன்னேன். அது உண்மையும்தானே.

தப்பு என்னுடையது. தெரிந்தேதான் அனுப்பினேன். மனசு விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பது நிஜம்தான், மேடம். உடம்பு காற்றாடி மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் என்னை அனுப்பிவிடுங்கள். ரோஸ் பதினோரு நாளாகத் தூங்கவில்லையாம். நேற்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பிடித்து வைதாள். அடடா, என்ன குரல். கோபமும் துக்கத்தில் ஒரு கட்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் அவளைப் பேச வைக்க என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?