ஜெஸிந்தா சிரித்துவிடும் வசனம்

டீயை ஆறவிடாதீங்க மேடம். இந்தப் பனிக்கு ஆறின டீ தொண்டையைப் பிடித்துவிடும். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை இருக்கிறது, தேயிலையைத்தான் காணோம். சுற்றிலும் எஸ்டேட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு டீயா என்று சும்மா கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

என் பெட்டிக்கடையை ஒட்டித்தான் எஸ்டேட் சமுதாயக்கூடம். அதன் ஜன்னல் ஒன்று என் பக்கம் பார்த்திருக்கும், அதில் ஒரு கண்ணாடி உடைந்து ரொம்ப நாளாகிறது. இந்தப் பாப்பம்மா எட்டிப் பார்ப்பாள் என்று லயன் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். காது என்று ஒன்று இருந்தால் கேட்கத்தானே செய்யும்?

சசிரேகாவும் அவள் காலேஜ் கூட்டாளிகளும் அங்கேதான் நாடகம் பழகினார்கள். பழைய காலத்து ராஜா ராணி நாடகம். ராஜா ஒரு பெண்ணை அவள் வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிவந்து கட்டிக்கொள்வான். அப்புறம் ஊர்ப் பேச்சைக் கேட்டு அவளையே விரட்டிவிடுவான்.

“இந்தக் காலத்துக்கு மாத்துறோம் அத்தை” என்றாள் சசிரேகா. மாற்றினார்கள். ராஜாவாக வந்த அஸ்வந்த் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பைக் சாவியைச் சுழற்றினான். ராணி சசிரேகாதான், ஸ்வெட்டரும் மஃப்ளரும். கிரீடம் இல்லை, பாட்டு இல்லை. வசனம்கூட நீங்களும் நானும் பேசுகிற பேச்சு. வெளியிலிருந்து பார்த்தால் நாடகம் என்றே தெரியாது.

பழைய நாடகத்தில் பழியைக் கிளப்புகிறவள் அரண்மனை வேலைக்காரி. அவளை இவர்கள் பெட்டிக்கடைக்காரி ஆக்கிவிட்டார்கள். அந்த வேஷம் கட்டிய ஜெஸிந்தா என்னைப் போலவே பச்சை சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, “ஏனுங்க, சும்மா கேக்கறேன், வேற ஒண்ணுமில்லைங்க” என்றதும் கூடமே உருண்டு சிரித்தது.

“அப்படியே பாப்பம்மா அத்தைடி!”

“கழுத்தை இன்னும் நீட்டுடி. ஜன்னலுக்குள்ள பாதி உடம்பு வரணும்” என்று சொல்லிக்கொடுத்தவள் சசிரேகா. என் கடை பன்னைத் தின்று வளர்ந்த பிள்ளை. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

கழுத்தை நீட்டியதைக்கூட விட்டுவிடலாம். கடைசிக் காட்சி ஒன்று வைத்திருந்தாள். ராணி கடைக்காரியிடம் வந்து, “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நடந்ததைச் சொல்லு” என்று கெஞ்சுவாள். அதற்குக் கடைக்காரி, “எனக்கென்ன தெரியும்? நான் கடையைப் பாக்கறவ” என்பாள். அந்த இடத்தில் ஜெஸிந்தா ஒவ்வொரு தடவையும் சிரித்துவிடுவாள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்குத் தெரியாது என்று நான் பிறந்ததிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை மேடம். இந்த லயனில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

சசிரேகாவுக்கு அப்பா அம்மா இல்லை என்பது தெரியும். அண்ணன் பாண்டியன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்கு நின்று அவளைப் படிக்கவைப்பது தெரியும். ஒரு கல்யாண வீட்டில் இவளைப் பார்த்துச் சிரித்தவனின் பல்லை அவன் பெயர்த்ததும் தெரியும்.

போன வாரம் அவளே கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, அண்ணன் லீவுல வருது. நாடகம்னு மட்டும் வாயைத் திறந்துராதீங்க. மேடையில பாத்து அசந்து போகட்டும்.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது தப்பா?

பாண்டியன் வந்த அன்றைக்குப் பனி இறங்கி பஸ் ஓடவில்லை. மற்ற பிள்ளைகள் ஊட்டியிலேயே மாட்டிக்கொண்டார்கள். அஸ்வந்தின் பைக்கில் வந்துவிட்டதால் கூடத்தில் சசிரேகாவும் அவனும் மட்டும். பாண்டியன் மலைப்பாதையில் நடந்தே வந்து சேர்ந்தான்.

“அத்தை, நல்லாருக்கீங்களா? தங்கச்சி வீட்டுல இல்லையே?”

“வா பாண்டி. காலேஜ் அப்பவே விட்டாச்சே. கூடத்துல என்னமோ பேச்சுக் குரல் கேக்குது. ஏன் பாண்டி, சும்மா கேக்கறேன், அந்த பைக் பையன் உங்களுக்குச் சொந்தமா?”

கேள்விதான் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் போனான். நான் நகர்ந்து இடம் விட்டேன். உள்ளே சசிரேகா அஸ்வந்த் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “எங்க வீட்டுல தெரிஞ்சா கொன்னே போட்ருவாங்க. இப்பவே எங்கயாவது போயிரலாம்” என்றாள். நன்றாகத்தான் நடிப்பாள் பாவம்.

பாண்டியன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போய், அவளை வெளியே இழுத்துவந்து தடுப்புச்சுவர் ஓரம் நிறுத்தினான். “நாடகம்ணா, நாடகம்” என்று ஓடிவந்த அஸ்வந்த் ஒரே அடியில் விழுந்துவிட்டான். அவன் சொன்னால் எந்த அண்ணன் நம்புவான்?

அப்போது அவள் என்னைப் பார்த்தாள்.

“அத்தை, நீங்க சொல்லுங்க அத்தை! ஒத்திகைன்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!”

பாண்டியனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அவனும் திரும்பி, “சொல்லுங்க அத்தை” என்றான். குரல் உடைந்திருந்தது. நாடகம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“எனக்கென்ன தெரியும்? நான் கடையைப் பாக்கறவ.”

சுவருக்குக் கீழே ஆழத்தில் கல் வாய்க்கால், விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. நீங்களே போய்ப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள். தள்ளியது அவன் கை. என் விரல்கூட அவள்மேல் படவில்லை.

வசனம் அவளே எழுதியது மேடம். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. ஜெஸிந்தாவுக்கு அந்த இடம் கடைசிவரை வரவே இல்லை. “சிரிக்காம சொல்லுடி, அப்பத்தான் பாக்கறவங்களுக்குப் பயமா இருக்கும்” என்று சசிரேகா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் சிரிக்கவில்லை.